அசலுக்கு அடுத்தது

பெங்களூரு சில்க் போர்டு சந்திப்பைக் கடந்து ஓசூர் சாலையில் தெற்கே சென்றால் பொம்மனஹள்ளி. 2007ஆம் ஆண்டு வரை தனி நகராட்சியாக இருந்து, பின்னர் மாநகராட்சியுடன் இணைந்த பகுதி. தலைக்கு மேலே மஞ்சள் வழித்தட மெட்ரோ ஓடுகிறது. கீழே ஆயத்த ஆடைத் தொழிற்சாலைகளுக்கும் லேத் பட்டறைகளுக்கும் நடுவே கன்னடமும் தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்கின்றன. அங்கே உட்தெரு ஒன்றில் உள்ள மெக்கானிக் பட்டறைக்கு ஒரு காலை வேளையில் நாங்கள் சென்றபோது, 1974ஆம் ஆண்டு அம்பாஸிடர் மார்க் 2 ஒன்று பானட் திறந்த நிலையில் நின்றிருந்தது.

உரிமையாளர் ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியை. வண்டி அவருடைய தந்தை வாங்கியது. அடுத்த மாதம் பேத்தியின் திருமணம். மணமக்கள் இந்த வண்டியில்தான் மண்டபத்துக்கு வர வேண்டும் என்பது வீட்டாரின் ஆசை. ஆனால் வண்டியோ ஒவ்வொரு சிக்னலிலும் நின்றுவிடுகிறது; உள்ளே பெட்ரோல் வாடை வேறு. "வாடையைத்தான் முதலில் கவனிக்க வேண்டும், டீச்சரம்மா" என்றார் மேஸ்திரி. அவர் அப்படிச் சொன்னதற்குக் காரணம் இருந்தது. இந்த என்ஜினில் கார்புரேட்டரும் சூடான புகைக்குழாயும் ஒரே பக்கத்தில், ஒன்றின்மேல் ஒன்றாக அமைந்துள்ளன. மேலிருந்து ஒழுகும் பெட்ரோல் கீழே நெருப்பாகலாம்.

மூச்சுக்கு ஏற்ற அளவு

இந்துஸ்தான் மோட்டார்ஸ் நிறுவனம் மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் தயாரித்த அம்பாஸிடர், இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரைத் தழுவியது. 1950களின் பிற்பகுதியில் பிறந்த அதன் உற்பத்தி 2014 மே மாதத்தில் நின்றது. 1489 சிசி பெட்ரோல் என்ஜினுக்கு நெடுங்காலம் துணை நின்றது எஸ்.யூ. கார்புரேட்டர். ஸ்கின்னர் சகோதரர்கள் 1910இல் தொடங்கிய நிறுவனத்தின் பெயரிலிருந்து வந்தவை அந்த இரண்டு எழுத்துகள்.

பெரும்பாலான கார்புரேட்டர்களில் காற்று புகும் வழி ஒரே அளவினது. எஸ்.யூ. வகையில் அந்த வழியே விரியும், சுருங்கும். என்ஜின் எவ்வளவு காற்றை இழுக்கிறதோ அவ்வளவுக்கு உள்ளே இருக்கும் பிஸ்டன் மேலெழும். அதன் அடியில் ஒரு கூம்பு ஊசி தொங்குகிறது. பிஸ்டன் உயர உயர, ஊசியின் மெல்லிய பகுதி ஜெட் துளைக்குள் வருவதால் பெட்ரோல் கூடுதலாகப் பாயும். 1¼ அங்குல வகையில் அந்தத் துளையின் விட்டம் 0.090 அங்குலம் மட்டுமே. ஊசியின் பருமனில் மயிரிழை வேறுபாடு இருந்தாலும் என்ஜின் உடனே காட்டிக்கொடுத்துவிடும்.

ஆசிரியையின் வண்டியில் பிஸ்டன் ஏறி இறங்கும் கூடு உள்ளே கீறிப்போயிருந்தது. பிஸ்டன் பாதி வழியில் சிக்கிக்கொண்டது. பிஸ்டனும் கூடும் தொழிற்சாலையிலேயே ஒன்றுக்கு ஒன்று பொருத்திப் பார்த்து ஜோடியாக அனுப்பப்படுபவை. ஒன்றை மட்டும் மாற்ற இயலாது. த்ராட்டில் தண்டும் தேய்ந்து, அதன் ஓரமாகக் காற்று கசிந்தது.

இரண்டு வழிகள்

ஜே.சி. ரோடு உதிரிபாகக் கடைகளில் விசாரித்தபோது இரண்டு யோசனைகள் கிடைத்தன. ஒன்று, மாருதி 800 கார்புரேட்டரைப் பொருத்துவது. மலிவு, மைலேஜும் கூடும் என்றார்கள். மேஸ்திரி ஒப்பவில்லை. அது 796 சிசி என்ஜினுக்காகப் பிறந்தது. ஏறக்குறைய இரு மடங்கு பெரிய என்ஜினுக்கு மேட்டில் மூச்சு முட்டும். மேலும் அது மேலிருந்து கீழாகக் காற்றை இழுப்பது, எஸ்.யூ. பக்கவாட்டில் இழுப்பது. இடையில் ஒரு தகடு செய்து பொருத்த வேண்டும். கசிவதற்கு இன்னும் இரண்டு இணைப்புகள் கூடும்.

மற்றொன்று, அதே 1¼ அங்குல எஸ்.யூ.; ஆனால் 1098 சிசி மோரிஸ் மைனர் வகை என்ஜினுக்காக அமைக்கப்பட்டது. பார்வைக்கு அச்சு அசலாக அதேதான். போல்ட் துளைகளும் பொருந்துகின்றன. ஆனால் ஊசி வேறு. மிதவைக் கிண்ணம் சாய்ந்திருக்கும் கோணமும் வேறு. "உறவுதான், கூடப்பிறந்தது இல்லை" என்றார் மேஸ்திரி. ஆசிரியை அதைத் தேர்ந்தெடுத்தார்.

அமெரிக்காவின் பெரிய என்ஜின் கார்களை வைத்திருப்பவர்களுக்கும் இதே சிக்கல் உண்டு. 1964ஆம் ஆண்டு போன்டியாக் ஜி.டி.ஓ. காரை வாங்கியவர்கள், நான்கு வாய் கொண்ட ஒரு கார்புரேட்டரையோ இரண்டு வாய் கொண்ட மூன்றையோ கேட்டுப் பெற முடிந்தது. இன்று அந்தக் காரை மதிப்பிடுபவர்கள் கார்புரேட்டரில் பொறித்த எண்ணையும் குனிந்து பார்க்கிறார்கள். எண் பொருந்தாவிட்டால் வண்டி ஓடும், விலை இறங்கும்.

பொருத்திய நாள்

மேஸ்திரி முதலில் ஊசியை மாற்றினார். அதன் தலைப்பகுதியில் பொறித்த எழுத்துகளே அடையாளம் என்பதால், பழைய ஊசியின் எழுத்துகளை உருப்பெருக்கியில் படித்து அதே குறியுள்ள புதியதைத் தருவித்திருந்தார். அடுத்து, கிண்ணத்துக்கும் உடலுக்கும் இடையிலுள்ள ரப்பர் ஆப்பைக் கழற்றி, பழையதில் இருந்த கோணத்துக்கு மாற்றினார். கிண்ணம் செங்குத்தாகத் தொங்கினால்தான் பெட்ரோல் மட்டம் சரியாக நிற்கும். இதைக் கவனியாமல் அப்படியே மாட்டியிருந்தால், பெட்ரோல் வழிந்து புகைக்குழாயின்மீது விழ வாய்ப்புண்டு. பெட்ரோல் குழாய்களையும் எத்தனால் தாங்கும் வகைக்கு மாற்றினார்.

எத்தனாலுக்கு இன்னொரு கணக்கும் உண்டு. எடைக் கணக்கில் ஒரு பங்கு பெட்ரோல் முழுமையாக எரியச் சுமார் 14.7 பங்கு காற்று வேண்டும். எத்தனாலுக்குச் சுமார் 9 பங்கு போதும். எனவே 20 விழுக்காடு எத்தனால் கலந்த இன்றைய பெட்ரோலைப் பழைய அளவிலேயே பாய்ச்சினால் கலவை மெலிந்துபோகும். ஜெட்டின் அடியிலுள்ள நட்டைச் சற்றே கீழிறக்கி அதை ஈடுகட்டினார்.

பிறகு சோதனை. என்ஜின் ஓடிக்கொண்டிருக்க, பிஸ்டனை ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவாக உயர்த்திப் பார்த்தார். வேகம் கூடி அப்படியே நின்றால் பெட்ரோல் மிகுதி. தடுமாறி நின்றால் குறைவு. ஒரு நொடி கூடிப் பழையபடி அடங்கினால் சரி. நான்காவது முயற்சியில் அடங்கியது. பெட்ரோல் வாடை இல்லை. பட்டறைப் பையன்கள் கை தட்டினார்கள்.

காகிதத்தில் எது அசல்?

முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த வண்டிகளைப் பழம்பெரும் வாகனங்களாகப் பதிய, மத்திய அரசு 2021 ஜூலையில் விதிகளை அறிவித்தது. புதிய பதிவுக்கு 20,000 ரூபாய் கட்டணம். 10 ஆண்டுகள் செல்லும். வண்டி அசல் வடிவில் பேணப்பட்டிருக்க வேண்டும். சட்டகம், உடற்கூடு, என்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் கூடாது. இப்படிப் பதிந்த வண்டியைக் கண்காட்சி, பேரணி, பராமரிப்பு போன்றவற்றுக்கு மட்டுமே சாலையில் எடுக்கலாம். அன்றாடப் பயன்பாட்டுக்கோ வணிகத்துக்கோ அனுமதி இல்லை.

ஆசிரியை யோசித்துப் பார்த்து, சாதாரணப் பதிவையே ஐந்து ஆண்டுகளுக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ள முடிவு செய்தார். "அப்பா இதைப் பார்த்துக்கொண்டிருக்க வாங்கவில்லை" என்றார் எங்களிடம்.

பழைய வண்டி வைத்திருக்கும் வாசகர்களுக்கு இதிலிருந்து சில நடைமுறைக் குறிப்புகள். மாற்றிய உதிரிபாகத்தின் ரசீதையும், பொருத்துமுன்னும் பின்னும் எடுத்த படங்களையும் வண்டிக் காகிதங்களுடன் சேர்த்து வையுங்கள். ஐந்து ஆண்டு கடந்த வண்டிகளின் காப்பீட்டு மதிப்பு, நிறுவனமும் உரிமையாளரும் பேசி ஒப்புக்கொள்வது. அந்தப் பேச்சில் இந்தக் காகிதங்களே உங்கள் பக்கத்துச் சாட்சி. செய்த மாற்றத்தை மறைக்காமல் காப்பீட்டு நிறுவனத்துக்குத் தெரிவியுங்கள். விற்கும்போதும் வாங்குபவரிடம் சொல்லிவிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, கழற்றிய அசலைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

ஆசிரியை போடவில்லை. கீறிய கார்புரேட்டரை மேஸ்திரி மண்ணெண்ணெயில் கழுவித் துடைத்து, எண்ணெய் தடவி, துணியில் சுற்றிக் கொடுத்தார். நல்ல கூடும் பிஸ்டனும் ஜோடியாகக் கிடைக்கும் நாளில் அது திரும்ப ஏறும். அதுவரை வீட்டு அலமாரியில், வண்டியின் முதற்பதிவுப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கும் என்று சொல்லி வாங்கிக்கொண்டார். பிறகு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்து, ஓசூர் சாலையின் நெரிசலுக்குள் வண்டியைத் திருப்பினார். முதல் சிக்னலில் சிவப்பு விழுந்தது. தெருமுனையில் நின்று காது கொடுத்துக் கேட்டோம். என்ஜின் நிற்கவில்லை.