சாரலை எண்ணும் கால்குலேட்டர்

ஜூன் பிறந்துவிட்டால் தென்காசிப் பக்கம் பேச்செல்லாம் சீசனைப் பற்றித்தான். பேரருவியில் குளிக்க விடுகிறார்களா, ஐந்தருவியில் எத்தனை கிளை விழுகிறது, சாரல் உண்டா என்று பேருந்தில் ஏறியதுமே விசாரிப்பார்கள். ஆனால் "எவ்வளவு பெய்தது?" என்று திருப்பிக் கேட்டால் "நல்ல சாரல்" என்பதற்கு மேல் பதில் வராது. அந்த 'எவ்வளவு' என்பதைக் கண்டுபிடிக்க எட்டாம் வகுப்பு மாணவர்களோடு சேர்ந்து ஒரு மழைமானி செய்தோம். எண்ணும் வேலையை ஒரு பழைய கால்குலேட்டர் பார்த்துக்கொண்டது.

பழுதான ரேடியோ, ஓடாத சுவர்க் கடிகாரம் எது கிடைத்தாலும் பிரித்துப் பார்ப்பது என் பொழுதுபோக்கு. (பரணில் இடமில்லை என்று வீட்டில் எழும் புகார் தனிக்கதை.) இது பொழுதைப் போக்க மட்டும்தானா என்று கேட்பவர்களிடம் கோவை ஜி.டி.நாயுடுவைச் சொல்வேன். ஆங்கிலேயர் ஒருவர் வைத்திருந்த மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கி, உணவகத்தில் வேலை செய்து காசு சேர்த்து அதை வாங்கி, பாகம் பாகமாகக் கழற்றிப் பூட்டிப் பார்த்தவர் அவர். எங்கள் பிள்ளைகளுக்குத் தொழில்நுட்பம் என்றால் மத்தளம்பாறை ஜோஹோ அலுவலகம்தான் நினைவுக்கு வரும். அங்கே ஒருநாள் வேலைக்குப் போகலாம் என்ற ஆசை நல்லதுதான். ஆனால் வீட்டில் கிடக்கும் கால்குலேட்டரின் நான்கு திருகாணிகளைக் கழற்றினாலே தொழில்நுட்பம் தொடங்கிவிடுகிறது என்பதை அவர்களுக்கு யாராவது காட்ட வேண்டும்.

நிதி ஆயோக் 2016இல் தொடங்கிய அடல் டிங்கரிங் ஆய்வகத் திட்டத்தில் தேர்வாகும் பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை நிதி கிடைக்கிறது. அது கிடைக்காத பள்ளியிலும் இந்தக் கருவியைச் செய்யலாம். 6 முதல் 8ஆம் வகுப்பு வரைக்கான வானவில் மன்றச் செயல்பாடாகவும் இதை எடுத்துக்கொள்ளலாம்.

கருவியின் அமைப்பு எளிது. புனலுக்கு அடியில் சிறுவர் பூங்காச் சீசா போல ஒரு தொட்டி. நடுவில் தடுப்பு உண்டு. ஒரு பக்கம் குறிப்பிட்ட அளவு நீர் நிரம்பியதும் எடை தாங்காமல் சாய்ந்து நீரைக் கொட்டும். உடனே மறுபக்கம் புனலுக்கு நேராக வந்துவிடும். 1662இல் கிறிஸ்டோபர் ரென் இந்த முறையை வகுத்தார். இன்றைய தானியங்கி மழைமானிகள் பலவும் இதே முறையில்தான் இயங்குகின்றன. நாங்கள் தொட்டிக்குப் பிளாஸ்டிக் டப்பாவையும் அச்சுக்குச் சைக்கிள் ஆரக்கம்பியையும் பயன்படுத்தினோம். தொட்டியில் ஒரு சிறு காந்தத்தையும் அதற்கு எதிரே சட்டத்தில் ஒரு ரீட் சுவிட்ச்சையும் பொருத்தினோம். கண்ணாடிக் குழாய்க்குள் இரண்டு மெல்லிய இரும்புத் தகடுகள் இருப்பதுதான் ரீட் சுவிட்ச். காந்தம் கடக்கும்போது தகடுகள் ஒட்டிக்கொள்ளும், விலகினால் பிரியும்.

அதிலிருந்து வரும் இரண்டு கம்பிகளைக் கால்குலேட்டரின் '=' பொத்தானுக்குக் கீழே உள்ள இரண்டு தொடுமுனைகளிலும் பற்றவைக்க வேண்டும். பிறகு 1 + 1 என்று அழுத்திவிட்டால் ஒவ்வொரு சாய்வும் '=' பொத்தானை அழுத்தியதற்குச் சமம்; எண் ஒவ்வொன்றாகக் கூடும். சில கால்குலேட்டர்களில் கூட்டல் குறியை இருமுறை அழுத்த வேண்டியிருக்கும். சிலவற்றில் இந்த வசதியே இருக்காது. முதலில் விரலால் '=' பொத்தானைப் பலமுறை தட்டிப் பார்த்துவிட்டுப் பிரியுங்கள். சில நிமிடங்களில் தானாக அணைந்துவிடும் வகை இதற்கு உதவாது, எண்ணிக்கை போய்விடும். தொடுமுனையின் கருப்புக் கார்பன் பூச்சில் ஈயம் ஒட்டாது. அதைச் சுரண்டி, அடியில் செம்பு தெரிந்த பிறகே பற்றவைக்க வேண்டும். இந்த வேலையை மட்டும் ஆசிரியரே செய்வது நல்லது.

கணக்குப் பாடம் இங்கேதான் உள்ளே வருகிறது. புனல் வாயின் விட்டம் 10 செ.மீ. என்றால் பரப்பு 78.5 சதுர செ.மீ. ஆகவே 1 மி.மீ. மழைக்குப் புனலில் விழும் நீர் 7.85 மில்லி லிட்டர். ஊசி போடும் குழாயால் சொட்டுச் சொட்டாக நீர் விட்டுப் பார்த்து, தொட்டி 4 மில்லி லிட்டரில் சாயும்படி கீழே உள்ள திருகாணிகளைச் சரிசெய்தோம். ஒரு சாய்வுக்கு ஏறக்குறைய அரை மி.மீ. மழை. வட்டத்தின் பரப்பு எதற்கு என்று அந்த வகுப்பில் யாரும் கேட்கவில்லை.

முதல் முழுநாள் சோதனையன்று காலை முதல் மாலை வரை சாரல். மைதானம் நனைந்து கிடந்தது. கால்குலேட்டர் காட்டிய எண்ணிக்கையோ மூன்றுதான். "சார், நாள்பூரா பெய்யுது, இது எண்ணவே மாட்டேங்கு" என்றான் ஒருவன். கருவி கெட்டுவிட்டது என்பதில் வகுப்பே ஒன்றுபட்டது. நான் தீர்ப்பு எதுவும் சொல்லவில்லை. 40 மில்லி லிட்டர் நீரை மெதுவாக ஊற்றச் சொன்னேன். பத்து முறை சாய்ந்தது. மறுநாள் பக்கவாட்டு நேராக உள்ள ஒரு போத்தலையும் அருகில் வைத்தார்கள். அதிலும் அடியில் மெல்லிய நீர்ப்படலம்தான்.

கருவி சரியாகத்தான் இருந்தது. 'நல்ல சாரல்' என்பதன் அளவு அன்று 1.5 மி.மீ. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் கணக்கில் ஒரு நாளில் 2.5 மி.மீ. அல்லது அதற்கு மேல் பெய்தால்தான் அது மழைநாள். 64.5 மி.மீ. தொட்டால் கனமழை. செங்கோட்டைக் கணவாய் வழியாக வரும் காற்று, சாரலைச் சாய்வாக அடித்துப் புனலைத் தாண்டிக் கொண்டுபோவதும் உண்டு. பாதி நிரம்பிய தொட்டியில் தங்கும் நீர் ஆவியாவதும் உண்டு. இந்த இரண்டு காரணங்களையும் மாணவர்களே சொன்னார்கள். விலைக்கு வாங்கிய கருவியாக இருந்தால் அது காட்டும் எண்ணை நோட்டில் எழுதிக்கொண்டு போயிருப்பார்கள். தாங்களே செய்தது என்பதால்தான் அதைச் சந்தேகிக்கவும் சோதிக்கவும் துணிந்தார்கள் என்று நினைக்கிறேன்.

அடுத்து வந்த கேள்வி நான் எதிர்பார்க்காதது. இங்கே 1.5 மி.மீ.தான் என்றால் அருவியில் அவ்வளவு தண்ணீர் எங்கிருந்து வருகிறது? மேலே மலையில் பெய்வதிலிருந்துதான். ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. மழை என்பது ஒரு லிட்டர். மலைச்சரிவில் எத்தனை ஆயிரம் சதுர மீட்டர் இருக்கும் என்று அவர்களே பெருக்கத் தொடங்கினார்கள். 2024 மே 17 அன்று பழைய குற்றால அருவியில் திடீரென வந்த வெள்ளம் பதினேழு வயது மாணவன் ஒருவனை அடித்துச் சென்றது. அவன் உயிர் பிழைக்கவில்லை. நம் தலைக்கு மேல் வெயில் அடிக்கும்போதும் மலையில் பெய்த மழை அருவியில் இறங்கலாம் என்பதை அறிவிப்புப் பலகை சொன்னால் எங்கள் பிள்ளைகள் படித்துவிட்டுக் கடந்துபோவார்கள். இப்போது அவர்கள் கையில் அதற்கான கணக்கு இருக்கிறது. இந்தப் பள்ளிக் கருவியால் வெள்ளத்தை முன்னறிவிக்க முடியாது. அதையும் அவர்களிடம் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும்.

செய்ய விரும்புவோருக்குச் சில குறிப்புகள். கருவியைச் சுவர், மரம் ஆகியவற்றிலிருந்து அவற்றின் உயரத்தைப் போல் இருமடங்கு தள்ளி, சமதளத்தில் வையுங்கள். தொட்டி சற்றுக் கோணினாலும் இரண்டு பக்கமும் வெவ்வேறு அளவில் சாயும். பெருமழையில் தொட்டி சாயும் நேரத்துக்குள் கொஞ்சம் நீர் கணக்கில் வராமல் போகும். அதனால் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு போத்தலும் பக்கத்தில் இருக்கட்டும். கால்குலேட்டருக்குப் பதில் அர்டுயினோ பலகை வைத்தால், ரீட் சுவிட்ச்சின் தகடுகள் துள்ளுவதால் ஒரு சாய்வு இரண்டு மூன்றாகப் பதிவாகும். நிரலில் சிறு இடைவெளி கொடுத்து அதைத் தவிர்க்கலாம். தினமும் காலை 8.30 மணிக்கு எண்ணைக் குறித்துவிட்டு மீண்டும் தொடங்குங்கள். வானிலைத் துறையும் அந்த நேரத்தையே பின்பற்றுவதால் செய்தித்தாளில் வரும் தென்காசி அளவோடு ஒப்பிட வசதி. எங்கள் பக்கம் அதிக மழை தருவது வடகிழக்குப் பருவமழைதான். காலாண்டு விடுமுறை முடிந்து திரும்பியதும் தொடங்கினால் அக்டோபர் மழைக்குக் கருவி தயாராகிவிடும்.