பிளேடின் இரு விளிம்புகள்

ஃபிகர் ஸ்கேட்டிங் போட்டியைப் பார்ப்பவர்களுக்கு ஒன்றுபோலவே தோன்றும் இரு தாவல்களுக்கு நடுவர்கள் வெவ்வேறு மதிப்பெண் வழங்குவது ஏன் என்ற ஐயம் அடிக்கடி எழுகிறது. அதற்கான விடை ஆட்டக்காரரின் காலணிக்கு அடியிலுள்ள எஃகுப் பிளேடில் இருக்கிறது. ஏறத்தாழ 4 மில்லிமீட்டர் தடிமனுள்ள அந்தப் பிளேடின் அடிப்பரப்பு நீளவாக்கில் குழிவாகக் குடையப்பட்டிருப்பதால், பள்ளத்தின் இருபுறமும் உள்விளிம்பு, வெளிவிளிம்பு என இரண்டு கூரிய விளிம்புகள் அமைகின்றன. ஆட்டக்காரர் எதன்மீது சாய்கிறாரோ அந்தப் பக்கமாகவே அவர் செல்லும் பாதை வளைகிறது. முனையிலுள்ள பற்கள் வேகத்தைத் தடுப்பதற்கானவை என்று பலர் கருதுவது சரியன்று. அவை முதன்மையாகத் தாவும்போது பனியில் ஊன்றி எழும்புவதற்கே உதவுகின்றன.

லட்ஸ், ஃபிளிப் ஆகிய இரண்டுமே பின்னோக்கிச் சறுக்கியபடி மறுகாலின் பற்களை ஊன்றி எழும்பும் தாவல்கள்தாம். ஆயினும் ஃபிளிப் உள்விளிம்பிலிருந்து எழுவதால் உடல் ஏற்கெனவே வளையும் திசையிலேயே சுழல்கிறது. லட்ஸ் வெளிவிளிம்பிலிருந்து எழுவதால் வளைவுக்கு எதிர்த்திசையில் சுழல வேண்டியிருக்கிறது. இந்தக் கடினத்தால் எழும்பும் நொடியில் பாதம் தானாகவே உள்விளிம்புக்குச் சரிந்துவிடுவதுண்டு. அத்தகைய சரிவுக்கு மதிப்பெண் குறைகிறது.

விளிம்பின்மீதுள்ள ஆளுமையே முற்காலத்தில் தனிப் போட்டியாக இருந்தது. தூய பனித்தரையில் வட்டங்களையும் எட்டு வடிவங்களையும் பிளேடால் வரைந்து, அதே கோட்டின்மீது மீண்டும் மீண்டும் செல்ல வேண்டும். பின்னர் நடுவர்கள் குனிந்து அத்தடத்தை ஆராய்வர். 1972 சப்போரோ ஒலிம்பிக்கில் ஆஸ்திரியாவின் பியாட்ரிக்ஸ் ஷூபா, விருப்ப ஆட்டத்தில் ஏழாம் இடமே பெற்றும், இவ்வடிவங்களில் பெற்ற முன்னிலையால் தங்கம் வென்றார். தொலைக்காட்சி நேயர்களுக்கு இது விளங்கவில்லை என்பது உண்மையே. எனினும், 1990-க்குப் பின் இப்பிரிவு உலகப் போட்டிகளிலிருந்து நீக்கப்பட்டபோது, இக்கலையின் இலக்கணத்தைக் கற்பித்த பள்ளியே மூடப்பட்டது என்று சொல்வது மிகையாகாது.

அதன்பின் போட்டியின் ஈர்ப்பு தாவல்களை நோக்கி நகர்ந்தது. அவற்றுள் முன்னோக்கி எழும்புவது ஆக்சல் ஒன்றே. 1882-இல் வியன்னாவில் அதைச் செய்துகாட்டிய நார்வே வீரர் ஆக்சல் பால்சனின் பெயரைத் தாங்கிய இத்தாவலில், பின்னோக்கித் தரையிறங்க வேண்டியிருப்பதால் அரைச் சுழற்சி கூடுதலாகிறது. ஆகவே நான்கு சுற்று ஆக்சலுக்கு நான்கரைச் சுற்றுகள் தேவை. 2014, 2018 ஒலிம்பிக் தங்கங்களை வென்ற ஜப்பானின் யுசுரு ஹன்யூ, மூன்றாம் தங்கத்துக்கான பாதுகாப்பான வழியை விடுத்து, 2022 பெய்ஜிங்கில் அதை முயன்று விழுந்து நான்காம் இடம் பெற்றார். அதே ஆண்டு செப்டம்பரில் லேக் பிளாசிடில் 17 வயது அமெரிக்கர் இலியா மலினின் போட்டியொன்றில் முதன்முறையாக அதை முழுமையாகச் சுழன்று தரையிறங்கினார்.