அடுத்த வீட்டுக் கதவு

ஊரைவிட்டு வந்து பிறமொழி வழங்கும் நகரில் வாழும் நமக்கு ‘அயலான்’ என்னும் சொல் இருபொருள் தருவதாகும். பக்கத்து வீட்டில் இருப்பவன் அயலான். நமக்குத் தொடர்பில்லாதவன் என நாம் ஒதுக்குபவனும் அயலானே. தன்னைப்போல் நேசிக்க வேண்டியவன் யார் என்பதைச் சொல்லுமிடத்துத் தமிழ் விவிலியத்தின் பழைய மொழிபெயர்ப்பு ‘பிறன்’ என்கிறது. பிற்காலத்துப் பொது மொழிபெயர்ப்பு ‘அடுத்திருப்பவர்’ என்கிறது. தாராவியின் குறுகிய சந்தில் இரண்டும் ஒருவரையே குறிக்கும். நடுவே இருப்பது ஒரு தகரச் சுவர்தான்.

இயேசுநாதர் சொன்ன நல்ல சமாரியன் கதையை நேயர்கள் அறிவார்கள். எருசலேமிலிருந்து எரிகோவுக்குச் செல்லும் வழியில் கள்வர் கைப்பட்டுக் கிடந்தவனைக் குருவும் லேவியனும் கண்டு விலகிப் போயினர். யூதர் வெறுத்த சமாரியன் ஒருவனே காயம் கட்டினான். அவன் காயம் கட்டியதைப் பலரும் போற்றுவர். சத்திரக்காரனிடம் பணம் கொடுத்து, மேற்செலவு ஆனால் திரும்பி வரும்போது தருகிறேன் என்று அவன் சொல்லிச் சென்றதை அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை. கதையின் உயிர் அங்கேதான் இருப்பதாக நமக்குத் தோன்றுகிறது. வழியில் கண்ட துயருக்கு இரங்குதல் யார்க்கும் கூடும். மீண்டும் வந்து பார்ப்பதே அரிது.

இதற்குச் சான்று தேடி நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டுவதில்லை. கோலார் தங்கவயலில் 1947-இல் பிறந்த தமிழரான ஜோக்கின் அற்புதம், 1960-களில் பம்பாய்க்கு வந்து தச்சுவேலை செய்து, செம்பூருக்கு அப்பால் ஜனதா காலனிக் குடிசைகளிடையே வாழ்ந்தார். அங்கே குப்பை அள்ளுவார் இல்லை. அவர் சிறுவர்களைத் திரட்டி, ஆளுக்கொரு பொட்டலமாகக் குப்பையைச் சுமக்கச் செய்து, மாநகராட்சி அலுவலக வாசலில் கொட்டுவித்தார்! 1976-இல் அக்குடியிருப்பு இடிக்கப்பட்டு, மக்கள் சீட்டா கேம்புக்கு மாற்றப்பட்டனர். ஆயினும் குடிசை மக்களுக்கான பணியை அவர் கைவிடவில்லை. 2000-இல் மக்சேசே விருது பெற்றார், 2018-இல் மறைந்தார்.

அவர் தொடங்கிய கூட்டமைப்பு எச்சமயத்தின் பெயராலும் நடந்ததன்று. பல சமயத்தாரும் அதில் இருந்தனர். ஆயினும் அதனோடு இணைந்து 1986-இல் தோன்றிய ‘மகிளா மிலன்’ என்னும் மகளிர் அமைப்பின் சேமிப்பு முறையைக் காணுங்கால், சமாரியன் சத்திரத்தில் சொன்ன சொல் நம் நினைவுக்கு வருகிறது. அவ்வமைப்பைச் சேர்ந்த பெண்ணொருத்தி நாள்தோறும் வீடுவீடாகச் சென்று, அவரவர் இயன்ற சிறுதொகையை வாங்குவாள். மாதம் ஒருமுறை வாங்கினால் கால்நோவு மிச்சமாகுமே என்று நாமும் எண்ணியதுண்டு. ஆனால் பணம் மட்டும் அங்கே நோக்கமன்று. நாளும் கதவைத் தட்டுவதால் யாருக்குக் காய்ச்சல், எவர் வேலை இழந்தார், எந்தக் குழந்தை பள்ளிக்குப் போகவில்லை என்பதெல்லாம் அன்றன்றே தெரியவருகிறது. மருந்துச் செலவு நேர்ந்தால், வட்டிக்கடைக்குப் போகாமல் அச்சேமிப்பிலிருந்தே கடன் கிடைக்கிறது.

திருநெல்வேலியில் தாயையும் தமக்கையையும் விட்டு வந்து ஒற்றை அறையில் படுத்திருக்கும் ஒருவனுக்கு இது எத்தகைய துணை என்பதை விளக்க வேண்டுவதில்லை. இன்று கொடுக்கக் காசில்லை என்று சொல்லும் வீட்டை அவள் விரைவாகக் கடந்து போய்விடலாகாது. ஏன் இல்லை என்று கேட்பதற்காக, அங்கேதான் சற்று உட்கார வேண்டும்.