செப்பாங் போகும் முன் காப்புறுதியைப் படியுங்கள்

மெர்போக்கிலிருந்து செப்பாங் பந்தயத் தடம் 400 கிலோமீட்டருக்கு மேல். அந்த வழி நெடுக காருக்குக் காப்புறுதி துணை நிற்கும். பந்தயத் தடத்துக்குள் சக்கரம் உருளத் தொடங்கியதும் பெரும்பாலும் அந்தத் துணை நின்றுவிடும். முதன்முறை 'டிராக் டே'வுக்குப் பணம் கட்டுகிறவர் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இதுதான்.

டிராக் டே போட்டியல்ல. கட்டணம் செலுத்தி, சொந்தக் காரை முறையான தடத்தில், கொடி காட்டும் அலுவலர்களின் கண்காணிப்பில் வேகமாக ஓட்டிப் பார்க்கும் நாள். 1999இல் திறக்கப்பட்ட செப்பாங் தடத்தின் நீளம் 5.543 கிலோமீட்டர், வளைவுகள் 15. 2005இல் கோயம்புத்தூர் நரேன் கார்த்திகேயன் ஜோர்டான் அணிக்காக ஃபார்முலா ஒன் கார் ஓட்டியதும் இங்கேதான். அங்கே நம்ம மைவி காரையும் ஒருமுறை விட்டுப் பார்க்கலாமே என்ற ஆசையில் தப்பே இல்லை. நள்ளிரவில் பொதுச்சாலையில் 'ரேஸ்' விடுவதைவிட இது எவ்வளவோ மேல். அபாயகரமாக ஓட்டிப் பிடிபட்டால், 1987ஆம் ஆண்டு சாலைப் போக்குவரத்துச் சட்டத்தின் 42ஆவது பிரிவு ஐந்தாண்டு வரை சிறையும் 5,000 முதல் 15,000 ரிங்கிட் வரை அபராதமும் வைத்திருக்கிறது.

ஆனால் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை பிரித்துப் பாருங்கள். வழக்கமான தனியார் கார் பாலிசி பந்தயத்தை மட்டுமல்ல, வேகச் சோதனையையும் விலக்கி வைக்கிறது. "போட்டி இல்லையே, சும்மா ஓட்டிப் பார்த்தேன்" என்ற வாதம் அங்கே எடுபடுவது கடினம். தனிநபர் விபத்துக் காப்புறுதி பலவற்றிலும் இதே விலக்கு உண்டு. கார் தவணையில் வாங்கியதென்றால் சிக்கல் இரட்டிப்பு. 1967ஆம் ஆண்டு வாடகைக் கொள்முதல் சட்டப்படி, கடைசித் தவணை கட்டும்வரை காரின் உரிமையாளர் வங்கிதான். கார் நொறுங்கினாலும் தவணை நிற்காது. கட்டத் தவறினால் ஜாமீன் கையெழுத்துப் போட்ட அப்பாவையோ அண்ணனையோ தேடி வங்கி வரும். ஆகவே தடத்தில் ஓட்டும் நாளுக்குத் தனிக் காப்புறுதி கிடைக்குமா என்று நிறுவனத்திடம் எழுத்து மூலம் கேளுங்கள். வாய்வார்த்தைக்கு இங்கே மதிப்பில்லை.

அடுத்தது பிரேக். சுங்கை பட்டாணிக்குப் போய்வர எந்தக் குறையும் சொல்லாத பிரேக், செப்பாங்கில் சில சுற்றுகளிலேயே தளரக்கூடும். நீண்ட நேர்ப்பாதையில் வேகமெடுத்து வந்து, முதல் வளைவுக்கும் கடைசி வளைவுக்கும் பலமாக மிதிக்க வேண்டிய தடம் அது. பிரேக் எண்ணெய் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் தன்மையுள்ளது. புதிய டாட் 4 எண்ணெயின் கொதிநிலை குறைந்தது 230 டிகிரி செல்சியஸ். ஈரம் ஏறினால் அது 155 வரை இறங்கலாம். எண்ணெய் கொதித்தால் குழாயில் ஆவி சேரும். பெடல் தரைவரை போனாலும் கார் நிற்காது. 2025 ஜனவரியில் துபாய் 24 மணிநேரப் பந்தயத்துக்கான பயிற்சியில் நடிகர் அஜித்குமாரின் கார் தடுப்பில் மோதிச் சுழன்றது. பிரேக் செயலிழந்ததே காரணம் என்று செய்திகள் வந்தன. அவர் காயமின்றி இறங்கி வந்தார். பந்தயத்துக்கென்றே கட்டிய கார் அது, உள்ளே பாதுகாப்புக் கூண்டும் உண்டு. உங்கள் சாகா காரில் அந்தக் கூண்டு கிடையாது.

எனவே போகும் முன் பட்டறையில் பிரேக் எண்ணெயை மாற்றுங்கள். பிரேக் பேட், டயர், சக்கர நட்டு மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். காருக்குள் கிடக்கும் தண்ணீர் புட்டி முதல் கால்மிதி வரை எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு முறையும் கடைசிச் சுற்றை மெதுவாக ஓட்டி பிரேக்கை ஆறவிடுங்கள். நிறுத்தியதும் கை பிரேக்கை இழுக்காதீர்கள். காலை விளக்கக் கூட்டத்துக்குத் தாமதமாகப் போகிறவருக்கு மஞ்சள் கொடிக்கும் சிவப்புக் கொடிக்கும் வித்தியாசம் தெரியாமல் போகும். அவரால் மற்றவருக்கும் ஆபத்து.

நுழைவாயிலில் நீட்டப்படும் பொறுப்புத் துறப்புப் படிவத்தைப் பலர் படிக்காமலே கையெழுத்திடுகிறார்கள். வேகமாக ஓட்டுவதன் இயல்பான ஆபத்தை ஏற்பதாகச் சொல்லும் கையெழுத்து அது. அந்த அளவுக்கு அது உங்களைக் கட்டுப்படுத்தும். அதற்காக ஏற்பாட்டாளர் எந்த அலட்சியமும் செய்யலாம் என்று பொருளல்ல. 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 24டி பிரிவுப்படி, அலட்சியத்துக்கான பொறுப்பைத் தட்டிக்கழிக்கும் விதியை நியாயமற்றது என்று வாதிட இடமுண்டு.

நிகழ்ச்சியை ரத்து செய்துவிட்டுப் பணத்தைத் திருப்பித் தராவிட்டால், பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் மூன்றாண்டுக்குள் மனு செய்யலாம். கட்டணம் 5 ரிங்கிட், கோரிக்கை வரம்பு 50,000 ரிங்கிட், வழக்கறிஞர் தேவையில்லை. உடற்காயத்தையும் மரணத்தையும் அந்தத் தீர்ப்பாயம் விசாரிக்காது. அவற்றுக்கு சிவில் நீதிமன்றம்தான். காப்புறுதி நிறுவனம் கோரிக்கையை நிராகரித்தால், அதன் இறுதிப் பதில் கிடைத்த ஆறு மாதத்துக்குள் எஃப்எம்ஓஎஸ் என்ற நிதித்துறை குறைதீர்ப்பு அமைப்பை அணுகலாம்.

பணம் கட்டும் முன்பே அந்தப் பொறுப்புத் துறப்புப் படிவத்தின் நகலைக் கேட்டு வாங்குங்கள். புரியாவிட்டால் வழக்கறிஞரிடமோ பினாங்கு பயனீட்டாளர் சங்கத்திடமோ காட்டுங்கள். நகல் தர மறுக்கும் ஏற்பாட்டாளரிடம் பணம் கட்டாதீர்கள்.