விழுந்தெழும் உடல்: டோரிஸ் ஹம்ஃப்ரியின் நடனக்கலை

ஐரோப்பிய மரபு நடனமான பாலே உடலின் எடையை மறைப்பதையே தன் நுட்பமாகக் கொண்டிருக்க, இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் அமெரிக்காவில் உருப்பெற்ற நவீன நடனமோ அந்த எடையையே தன் மூலப்பொருளாக எடுத்துக்கொண்டது. இம்மாற்றத்தைக் கோட்பாடாக வகுத்து, அதைக் கற்பிக்கும் முறையையும் உருவாக்கியவர்களுள் முதன்மையானவர் டோரிஸ் ஹம்ஃப்ரி (1895–1958). சமகாலத்தவரான மார்த்தா கிரஹாம் அளவுக்கு அவர் பெயர் பரவவில்லை எனினும், நடன அமைப்பு, அதாவது அசைவுகளை வகுத்து ஓர் ஆட்டமாகக் கோக்கும் கலை, கற்பிக்கத்தக்க ஒரு துறையாக நிலைபெற்றதில் அவருடைய பங்கே பெரிது எனலாம்.

இல்லினாய் மாநிலத்தின் ஓக் பார்க்கில் பிறந்த ஹம்ஃப்ரி, குடும்ப வருமானத்திற்காக இளவயதிலேயே தாயின் துணையுடன் நடன வகுப்புகள் நடத்தினார். பின்னர் 1917இல் ரூத் செயின்ட் டெனிஸும் டெட் ஷானும் லாஸ் ஏஞ்சலிஸில் நடத்திவந்த டெனிஷான் நடனப் பள்ளியில் சேர்ந்து, அதன் நடனக் குழுவோடு இந்தியா உள்ளிட்ட ஆசிய நாடுகளுக்கும் சென்றார். கீழை நாடுகளின் உடையையும் சாயலையும் கொண்டு புகழ் ஈட்டிய அக்குழுவின் பாணி அவருக்கு நாளடைவில் நிறைவளிக்காமற்போகவே, 1928இல் சக நடனக் கலைஞர் சார்லஸ் வைட்மனுடன் அதிலிருந்து விலகி, நியூயார்க்கில் தனிக் குழுவையும் பள்ளியையும் நிறுவினார்.

அவர் கண்ட கோட்பாடு 'விழுதலும் மீளலும்' எனப்படுகிறது. நிமிர்ந்து நிற்கும் மனிதர் உண்மையில் அசையாமல் நிற்பதில்லை. உடல் கணந்தோறும் ஏதேனும் ஒரு பக்கம் சாய, தசைகள் அச்சாய்வைத் திருத்திக்கொண்டே இருக்கின்றன. முற்றிலும் அசைவற்ற சமநிலையும், மீளவியலாத வீழ்ச்சியும் ஆகிய இரண்டுமே உயிரற்ற நிலைகள் என்றும், அவற்றுக்கு இடைப்பட்ட போராட்டத்திலேயே நடனம் பிறக்கிறது என்றும் ஹம்ஃப்ரி கருதினார். ஆகவே அவரது பயிற்சியில் மாணவர் எடையைத் தாங்கி நிறுத்தக் கற்பதோடு அமையாது, அதை விட்டுக்கொடுத்து, முழங்கால் மடிந்து, பக்கவாட்டில் சரிந்து தரையைத் தொட்டு, அச்சரிவின் வேகத்தைக் கொண்டே மீண்டும் எழவும் கற்றார்.

இதன் அழகை 1928இல் அவர் அமைத்த 'வாட்டர் ஸ்டடி' காட்டுகிறது. இசையே இல்லாத அந்த ஆட்டத்தில் தரையில் குனிந்திருக்கும் பெண்களின் முதுகுகள் ஒன்றன்பின் ஒன்றாக மேலெழுந்து தாழ, அலை உருவாகிறது. தாளம் வெளியிலிருந்து வராததால், ஒருவர் மூச்சை மற்றவர் உணர்ந்தே அனைவரும் இணைய வேண்டியிருக்கிறது. 1931இல் உருவான 'தி ஷேக்கர்ஸ்', துறவொழுக்கம் பூண்டு ஆடிப்பாடி வழிபட்ட ஓர் அமெரிக்கக் கிறித்தவப் பிரிவினரைப் பொருளாகக் கொண்டது. ஆண்களும் பெண்களும் மேடையின் இரு பாதிகளில் பிரிந்து நின்று ஆடும் அதில், அடக்கப்பட்ட உணர்ச்சி உடல்களின் நடுக்கமாகவும் துள்ளலாகவும் வெளிப்படுகிறது.

இடுப்பு மூட்டு நோயால் 1940களின் நடுப்பகுதியில் அவர் மேடையைவிட்டு விலக நேர்ந்தது. ஆனால் தம் மாணவர் ஹோசே லிமோன் தொடங்கிய குழுவின் கலை இயக்குநராகி, தம்மால் இனி ஆட முடியாத அசைவுகளைப் பிறர் உடல்களில் வகுக்கத் தொடங்கினார். உழைப்பு, காதல், பிள்ளைப்பேறு, இழப்பு என ஒரு மனித வாழ்வையே நால்வரைக் கொண்டு சொல்லிவிடும் 'டே ஆன் எர்த்' (1947) இக்காலத்தில் பிறந்த அரிய படைப்பாகும். 1951 முதல் ஜூலியார்ட் பள்ளியிலும் கற்பித்தார். அவரது மறைவுக்குப் பின் 1959இல் வெளியான 'தி ஆர்ட் ஆஃப் மேக்கிங் டான்சஸ்' என்னும் நூல், மேடையின் எந்த இடம் வலுவானது, இருபுறமும் ஒத்த அமைப்பு ஏன் விரைவில் சலிப்பூட்டுகிறது, ஆட்டங்கள் ஏன் தேவைக்குமேல் நீண்டுவிடுகின்றன என்பன போன்ற, தொடக்கநிலை மாணவர் நாள்தோறும் எதிர்கொள்ளும் வினாக்களுக்கு நேராக விடை தருகிறது.