பணிச்சோர்வை அளக்கும் கேள்வித்தாள்

பணிச்சோர்வை ரத்தப் பரிசோதனையில் கண்டுபிடிக்க முடியாது. வேலை பார்ப்பவரைக் கேட்டுத்தான் அறிய வேண்டும். ஆகவே அதன் கருவி கேள்வித்தாள்தான். 1981இல் அமெரிக்காவில் கிறிஸ்டினா மாஸ்லாக்கும் சூசன் ஜாக்சனும் வெளியிட்ட 22 கூற்றுகள் கொண்ட அளவை இத்தகைய கேள்வித்தாள்களில் மிகப் பரவலானது. மனம் வறண்டுபோவது, எதிரில் இருப்பவரை மனிதராகப் பாராமல் ஒதுங்குவது, செய்த வேலையில் நிறைவு ஆகிய மூன்றுக்கும் அதில் தனித்தனி மதிப்பெண் உண்டு.

கொரோனாக் காலத்தில் மருத்துவமனை ஆய்வுகள் பல, 2005இல் டென்மார்க் ஆய்வாளர்கள் வெளியிட்ட கோபன்ஹேகன் அளவையை எடுத்துக்கொண்டன. 19 கேள்விகள், கட்டணமில்லை. வேலை குறித்த ஏழு கேள்விகளில் ஒன்று, அடுத்த வேலைநாளை நினைத்தாலே காலையில் அலுப்பு வருகிறதா என்பது. ஒவ்வொரு பதிலுக்கும் 0, 25, 50, 75, 100 என்று மதிப்பெண்; சராசரி 50 அல்லது அதற்கு மேல் இருந்தால் சோர்வு இருப்பதாகப் பல ஆய்வுகள் கொள்கின்றன. குடும்பத்தோடும் நண்பர்களோடும் இருக்கத் தெம்பு மிஞ்சுகிறதா என்ற கேள்வி மட்டும் தலைகீழ்: அதற்கு 'அரிதாக' என்று குறித்தால் 25 அல்ல, 75. இதைத் திருப்பிப் போட மறந்தால் கணக்கே கெட்டுவிடும்.

கேள்விகள் ஒரே திசையில் பேசுகின்றனவா என்பதைக் குரோன்பாக் ஆல்ஃபா என்ற எண் காட்டும். 0.7க்கு மேல் இருந்தால் போதும் என்பது வழக்கம். ஆனால் ஒரே கேள்வியை ஐந்து விதமாகக் கேட்டாலும் அந்த எண் ஏறும். கேட்டது பணிச்சோர்வைத்தானா என்பதற்கு அது சாட்சி ஆகாது. உதாரணமாக, துருக்கியில் உருவான 10 கேள்விகள் கொண்ட கொரோனாச் சோர்வு அளவை கேட்பது நோய்த்தொற்றை நினைத்து வரும் களைப்பை. வேலைச்சுமையை அதில் தேடக்கூடாது. அதே கேள்விகளை அதே ஆட்களிடம் மீண்டும் கேட்கும் மறுசோதனையிலும் சிக்கல் உண்டு. இரண்டு வாரம் கழித்து மதிப்பெண் மாறினால், பிழை கருவியில் இருக்கலாம். இடையில் நோய் அலை எழுந்து வார்டு நிரம்பியதாலும் இருக்கலாம்.

சோர்வு உண்டு, இல்லை என்று பிரிக்கும் எல்லைக்கோட்டை எங்கே போடுவது என்பதிலும் ஒற்றுமை இல்லை. மருத்துவர்களைப் பற்றிய 182 ஆய்வுகளை 2018இல் ஒருசேரப் பார்த்தபோது, சோர்வுக்கு 142 வரையறைகள் இருந்தன. சோர்ந்தவர்களின் விகிதம் 0 முதல் 80.5 சதவீதம் வரை சிதறியது. உலக சுகாதார நிறுவனமும் 2019இல் பணிச்சோர்வை நோயாக அல்ல, வேலை சார்ந்த நிலையாகவே வகைப்படுத்தியது. எனவே 'பாதிப்பேருக்குச் சோர்வு' என்ற செய்தியைவிட, அதே மருத்துவமனையில் அதே கேள்வித்தாளால் 2020க்கு முன்னும் பின்னும் எடுத்த சராசரிகள் எவ்வளவோ பயனுள்ளவை. அப்போதும் எத்தனை பேர் பதில் தந்தார்கள் என்று பார்க்க வேண்டும். சோர்ந்து வேலையை விட்டுப் போன செவிலியர் எந்தக் கேள்வித்தாளிலும் இருப்பதில்லை.