எல்லாமே 'கேஸ்' இல்லை, தோழியரே!

நெஞ்சுக்குழிக்குக் கீழே, தொப்புளுக்கு மேலே சுருக்கென்று வலி வந்தால் போதும்; நாமே டாக்டராகி விடுவோம். 'ஒண்ணுமில்ல, கேஸ் புடிச்சிருக்கு' என்று பெருங்காய மோர், ஓம வாட்டர், ஒரு சோடா குடித்துவிட்டு அடுப்படிக்குப் போய்விடுவோம். என்றோ ஒரு நாள் வரும் வலிக்கு இது சரி. வாரக்கணக்கில் வந்து வந்து போகும் வலிக்கு? என் ஓரகத்திக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

2022 தீபாவளி முடிந்ததும் அவருக்கு இந்த வலி ஆரம்பித்தது. வடை, பூரி, பிரியாணி சாப்பிட்ட இரவுகளில் வலது பக்க விலா எலும்புக்குக் கீழே பிடித்துக்கொள்ளும். முதுகில், வலது தோள்பட்டை வரை இழுக்கும். இரண்டு மணி நேரத்தில் தானாக விட்டுவிடும். "அக்கா, ஒரு தடவை டாக்டர்கிட்ட காட்டிடலாமே" என்று சொல்லாத நாளில்லை. "மகளுக்கு பிளஸ் டூ பரீட்சை முடியட்டும்" என்றார். அது முடிந்ததும், "மாமாவோட தெவசம் முடியட்டும்" என்றார். இப்படியே எட்டு மாதம் ஓடியது.

2023 ஜூனில் ஒரு நாள் வலி விடவே இல்லை. வாந்தி, குளிர் காய்ச்சல். விடிந்து பார்த்தால் கண் மஞ்சள். "காமாலைதான், கீழாநெல்லி அரைச்சுக் கொடுங்க" என்றார் மாமியார். நல்லவேளை, அவர் கணவர் காரை எடுத்துவிட்டார். ஸ்கேனில் பித்தப்பை நிறைய கற்கள்; அதில் ஒன்று நழுவி பித்தக் குழாயை அடைத்திருந்தது. முதலில் வாய் வழியாகக் கருவியைச் செலுத்தி அந்தக் கல்லை எடுத்தார்கள். பிறகு, லேப்ராஸ்கோபி முறையில் பித்தப்பையையே நீக்கினார்கள். முன்பே வந்திருந்தால், ஒரே ஆபரேஷனோடு முடிந்திருக்கும் என்றார் டாக்டர்.

'பையை எடுத்துட்டா சாப்பிட முடியாதாமே' என்று பயப்படுகிறவர்கள் உண்டு. பித்தத்தைச் சுரப்பது கல்லீரல்தான். பித்தப்பை அதைச் சேர்த்து வைக்கும் பை மட்டுமே. ஓரகத்தி இப்போது எல்லோரையும் போலத்தான் சாப்பிடுகிறார்.

மேல் வயிற்று வலிக்குப் பித்தக்கல் மட்டுமே காரணம் இல்லை, அல்சராகவும் இருக்கலாம். காரமும் கவலையும்தான் அல்சரைக் கொடுக்கும் என்று நாம் நினைக்கிறோம். ஆனால், 'ஹெலிகோபேக்டர் பைலோரி' என்ற கிருமி ஒரு முக்கிய காரணம். 1982-ல் இதைக் கண்டறிந்த ஆஸ்திரேலிய மருத்துவர்கள் பாரி மார்ஷல், ராபின் வாரன் இருவருக்கும் 2005-ல் நோபல் பரிசு கிடைத்தது. பெரும்பாலும் இரண்டு வாரம் மாத்திரையை ஒழுங்காகச் சாப்பிட்டாலே அந்தக் கிருமி ஒழிந்துவிடும். மூட்டுவலிக்கும் தலைவலிக்கும் நாமாக வாங்கி விழுங்கும் வலி மாத்திரைகளும் அல்சரைக் கொண்டு வரும்.

கணையத்தில் வீக்கம் இருந்தாலும் அங்கேதான் வலிக்கும். மாரடைப்புகூட பெண்கள் சிலருக்கு மேல் வயிற்று வலி, குமட்டல் என்று வருவதுண்டு. வலியோடு வியர்த்துக் கொட்டி, மூச்சு வாங்கினால், தாடைக்கோ கைக்கோ பரவினால், சோடா தேடாதீர்கள். உடனே 108-க்கு போன் செய்யுங்கள்.

ரத்த வாந்தி, தார் போலக் கறுப்பாக மலம், கண் மஞ்சள், காரணமில்லாமல் எடை குறைவது, சாப்பாடு தொண்டையில் இறங்காமல் நிற்பது - இவற்றில் ஒன்று இருந்தாலும் நாளைக்கு என்று தள்ளக் கூடாது. (இரும்புச்சத்து மாத்திரை சாப்பிட்டாலும் மலம் கறுக்கும்; அதையும் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.) ஐம்பது வயதுக்கு மேல் புதிதாக வலி வந்தாலும் அலட்சியம் வேண்டாம்.

இன்னொரு யோசனை. டாக்டர், "எப்போதிலிருந்து வலி? சாப்பிடும் முன்பா, பின்பா? எங்கே ஆரம்பித்து எங்கே போகிறது?" என்று கேட்டால் நாம் முழிக்கிறோம். சிலிண்டர் மாற்றிய தேதியைக் காலண்டரில் குறித்து வைக்கிற நாம், வலி வந்த தேதியையும் குறித்தால் என்ன? அன்று சாப்பிட்டது, எவ்வளவு நேரம் வலித்தது, போட்ட மாத்திரை - இவ்வளவு போதும். டாக்டரிடம் போகும்போது மாத்திரை அட்டைகளையும் எடுத்துச் செல்லுங்கள். வயிற்று ஸ்கேன், எண்டோஸ்கோபி இரண்டையும் வெறும் வயிற்றில்தான் எடுப்பார்கள். அதனால், எத்தனை மணியிலிருந்து சாப்பிடக் கூடாது என்று முன்னதாகவே கேட்டுக்கொள்ளுங்கள்.

பிள்ளைக்கு வயிறு வலித்தால் அன்றைக்கே தூக்கிக்கொண்டு ஓடுகிறோம். அந்த அவசரத்தில் பாதியாவது நமக்கும் வேண்டாமா, சகோதரிகளே? வீட்டில் பரீட்சையும் விசேஷமும் வந்துகொண்டேதான் இருக்கும்.

- ஒரு வாசகி, திண்டுக்கல்.